வயசுக் கணக்கு

பி.காம். இரண்டாம் வருஷம். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘அது இல்ல தம்பி, இது இருக்கு’ என்று அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். அட்டையில் ஒரு பெண். இதய வடிவத்தில் சிவப்புக் கூலிங் கிளாஸ், வாயில் லாலிபாப். முப்பது ரூபாய். நான் கேட்காமலேயே நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அந்தச் சுற்றலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

ஏமாந்தேன். பக்கத்துக்குப் பத்து முறை டிக்‌ஷனரி பார்க்க வேண்டியிருந்தது. எதிர்பார்த்த ‘சமாசாரம்’ ஒன்றும் இல்லை. நண்பர்கள் நாலு பேர் கை மாறி, நாலு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. பல வருஷம் கழித்து, மீசையில் ஒன்றிரண்டு நரைத்த பிறகுதான் முழுசாகப் படித்தேன். அப்போது உறைத்தது. அட்டையில் இருக்கிற பெண் அந்தப் புத்தகத்திலேயே இல்லை.

விளாதிமிர் நபகோவின் ‘லோலிதா’தான் அது. அட்டைப்படம் சினிமாவிலிருந்து வந்தது. 1962-ல் ஸ்டான்லி குப்ரிக் இந்த நாவலைப் படமாக எடுத்தார். அதன் விளம்பரத்துக்காக பெர்ட் ஸ்டெர்ன் என்ற போட்டோகிராபர் எடுத்த படம். வேடிக்கை என்னவென்றால், சினிமாவிலும் அந்த இதயக் கண்ணாடி கிடையாது. கடைசி டைட்டில் வரை தேடிப் பார்த்துவிட்டேன்!

நாவலிலும் இல்லாத, படத்திலும் இல்லாத ஒரு பெண் அறுபது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க ‘லோலிதா’ என்ற பேரில் உலவுகிறாள். அகராதியில்கூட ஏறிவிட்டாள். ‘ஆண்களை மயக்கும் சிறுபெண்’ என்று பொருள் சொல்கிறார்கள். இந்தத் தப்பு எங்கே தொடங்கியது என்று பார்க்கப் போனால், அது நேராக சென்சாரின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஹம்பர்ட் ஹம்பர்ட் என்ற முப்பத்தேழு வயசு இலக்கியப் பேராசிரியர், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் வாடகைக்கு அறை தேடி வருகிறார். வீட்டுக்காரம்மா விதவை. அவளுக்குப் பன்னிரண்டு வயசு மகள். மகளுக்காகவே அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்கிறார். விஷயம் தெரிந்து அம்மா தெருவுக்கு ஓடி, காரில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். கோடைக்கால முகாமிலிருக்கும் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு மோட்டல் மோட்டலாக அமெரிக்கா முழுக்கச் சுற்றுகிறார். இரண்டு வருஷம். பதினாலு வயசில் அவள் தப்பித்து ஓடுகிறாள், க்வில்டி என்ற நாடகாசிரியனோடு. அவனும் யோக்கியன் இல்லை. கடைசியில் ஹம்பர்ட் க்வில்டியைச் சுட்டுக் கொல்கிறார்.

இதை மொத்தமும் ஹம்பர்ட்தான் சொல்கிறார், ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு, ஜூரிகளைப் பார்த்து. பிரமாதமாகப் பேசுகிற ஆசாமி. படிப்பு, நகைச்சுவை, பிரெஞ்சு எல்லாம் வரும். அவள்தான் தன்னை மயக்கினாள் என்கிறார். அசந்தால் நம்பிவிடுவோம். ஆனால் நபகோவ் அங்கங்கே ஓட்டை வைத்திருக்கிறார். பாதி தூரம் தாண்டிய பிறகு, போகிற போக்கில் ஒரு தகவல்: தான் தூங்குவதாகப் பாவனை செய்கிற ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் குழந்தை அழும். அவ்வளவுதான். அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். இன்னொன்று, அவள் பேரே லோலிதா இல்லை. டோலோரஸ் ஹேஸ். லோலிதா என்பது இவர் வைத்துக்கொண்ட பேர். பெண்ணின் பேரைக்கூடப் பிடுங்கிக்கொண்ட ஒருவன் எழுதிய கணக்குப் புத்தகம் இது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் டேலி ஆகாது. அந்த டேலி ஆகாத இடத்தில்தான் நாவலே இருக்கிறது.

1955-ல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் வரிசையாகக் கையை விரித்த பிறகு, பாரிஸில் ஒலிம்பியா பிரஸ் வெளியிட்டது. ஆபாசப் புத்தகங்களுக்குப் பேர் போன கம்பெனி. கிரஹாம் கிரீன் அந்த வருஷத்தின் நல்ல புத்தகங்களில் ஒன்று என்று லண்டன் பத்திரிகையில் சொல்ல, இன்னொரு பத்திரிகையாசிரியர் அசிங்கம் என்று கொதிக்க, 1956-ல் பிரான்ஸ் தடை செய்ய... வேறென்ன வேண்டும்? 1958-ல் அமெரிக்காவில் வெளியாகி, முதல் மூன்று வாரத்தில் ஒரு லட்சம் பிரதி.

நம் ஊரையும் விடவில்லை. 1959-ல் பம்பாய் சுங்கத்துறை இறக்குமதிப் பிரதிகளை நிறுத்தி வைத்தது. சுங்கம் நிதித்துறைக்குக் கீழே வருகிற சமாசாரம். ஆகவே டி.எஃப்.கரகா என்ற பத்திரிகையாசிரியரின் புகார் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்க்குப் போனது. மொரார்ஜி எப்படி ரசித்திருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஐந்தாண்டுத் திட்டத்துக்கு நடுவே நேரு இதைப் பார்க்க வேண்டி வந்தது. பார்த்து, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சரி, சினிமாவுக்கு வருவோம்.

குப்ரிக்கும் அவருடைய தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஹாரிஸும் ஒன்றரை லட்சம் டாலருக்குப் படமாக்கும் உரிமையை வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் பிரச்னை. அன்றைய அமெரிக்காவில் நம் ஊர் மாதிரி மத்திய அரசின் சென்சார் போர்டு கிடையாது. சினிமாத் தொழிலே தனக்குத்தானே வைத்துக்கொண்ட ‘புரொடக்‌ஷன் கோட்’ என்ற விதிமுறை இருந்தது. அதன் முத்திரை இல்லாவிட்டால் பெரிய தியேட்டர்கள் கிடைப்பது கஷ்டம். அதைத் தாண்டினால் கத்தோலிக்கர்களின் ‘லீஜன் ஆஃப் டீசென்ஸி’. அவர்கள் ‘கண்டனத்துக்குரியது’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் கோடிக்கணக்கான கத்தோலிக்கர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. போட்ட பணம் அம்பேல்.

ஆரம்பத்தில் ஒரு யோசனை ஓடியது. இதைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஹம்பர்ட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிவிட்டதாகக் காட்டிவிட்டால் என்ன? அன்றைக்கு அமெரிக்காவில் சின்ன வயசிலேயே கல்யாணத்தை அனுமதித்த மாநிலங்கள் இருந்தன. சட்டப்படி கணவன் மனைவி என்றாகிவிட்டால் சென்சார் என்ன கேட்க முடியும்? 1959-ல் நபகோவிடம் இதைச் சொல்ல, அவர் முதலில் அந்த வேலையே வேண்டாம் என்று விலகிக்கொண்டார்.

நமக்கு இது புதுசா என்ன? எத்தனை தமிழ்ப் படத்தில் பார்த்திருக்கிறோம். ஆலமரத்தடி, சொம்பு, ஜமுக்காளம், கெடுத்தவனே தாலி கட்டணும் என்று தீர்ப்பு, ஊரே கையெடுத்துக் கும்பிடும். ஹாலிவுட் கன்சல்டன்ட்டுகள் கோட் சூட் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்த இடமும் அதே ஆலமரத்தடிதான். குற்றத்தை என்ன செய்வது என்பது கேள்வியே இல்லை. பார்க்க மரியாதையாக இருக்க வேண்டும்.

நல்லவேளை, அந்தக் கல்யாணம் நின்றுபோனது. 1960-ல் நபகோவ் மனசு மாறி ஹாலிவுட்டுக்கு வந்து திரைக்கதை எழுதினார், நானூறு பக்கம். எடுத்தால் ஏழு மணி நேரம் ஓடும் என்றார் குப்ரிக். சுருக்கிக் கொடுத்தார். அதிலிருந்தும் துண்டு துணுக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு குப்ரிக்கும் ஹாரிஸும் தாங்களே எழுதினார்கள். டைட்டிலில் மட்டும் நபகோவ் பேர். ஆஸ்கர் நாமினேஷனும் அவருக்கே. பின்னால் 1974-ல் தன் திரைக்கதையைத் தனிப் புத்தகமாகவே போட்டு அவர் ஆறுதல் தேடிக்கொண்டார்.

சென்சாரைச் சமாளிக்கத் தயாரிப்புத் தரப்பு ஒரு ஆளைப் பிடித்தது. மார்ட்டின் க்விக்லி. சினிமாத் தொழில் பத்திரிகைகள் நடத்தியவர், தீவிரக் கத்தோலிக்கர். அதைவிட முக்கியம், 1930-ல் அந்த விதிமுறைகளை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர்தான்! கொஸ்டின் பேப்பர் செட் பண்ணினவரிடமே டியூஷன் சேர்ந்தது போல. ஸ்கிரிப்ட்டில் எது நிற்கும், எது நிற்காது என்று அவர் சொல்லிக்கொடுக்க, சம்பந்தப்பட்டவர்களோடு அவரே பேச, படம் பாஸ்.

கொடுத்த விலை என்ன? முதல் விலை வயசு. பன்னிரண்டு வயசுப் பெண் படத்தில் ஹைஸ்கூல் பெண்ணாகிவிட்டாள். வயசு என்ன என்று எண்ணாக யாரும் சொல்லமாட்டார்கள். நடித்த ஸூ லயனுக்குப் படப்பிடிப்பு தொடங்கும்போது பதினாலு. அந்தப் பதினாலையும் மேக்கப், ஹேர் ஸ்டைல், குதிகால் செருப்பு எல்லாம் போட்டு மேலே ஏற்றிவிட்டார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமரிசகர் பாஸ்லி க்ரௌதர், பெண் பதினேழு வயசு மாதிரி இருக்கிறாள் என்றே எழுதினார்.

பி.காமில் ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். வருஷக் கடைசியில் கம்பெனியின் நிலைமை நன்றாக இருப்பது போல் பேலன்ஸ் ஷீட்டை ஜோடித்துக் காட்டுவது. எண்களைக் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தினால் போதும், நஷ்டக் கம்பெனி லாபக் கம்பெனியாகத் தெரியும். பன்னிரண்டைப் பதினேழாக நகர்த்தியபோது என்ன ஆனது பாருங்கள். குழந்தையைச் சிறைப்பிடித்த ஒருவன், சின்னப் பெண் பின்னால் அலைகிற அசட்டு நடுவயசுக்காரனாகிவிட்டான். முதலாமவனைப் பார்த்தால் பயம் வர வேண்டும். இரண்டாமவனைப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் இரக்கமும் வரும். அதுவும் ஜேம்ஸ் மேசன் மாதிரி வெல்வெட் குரல்காரர் நடித்தால் நிறையவே வரும்.

அந்த ஹோட்டல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அது படுபயங்கரமான ராத்திரி. அம்மா செத்தது தெரியாத குழந்தை, தூக்க மாத்திரையோடு காத்திருக்கும் மனுஷன். படத்தில்? ராத்திரியில் மடக்குக் கட்டில் ஒன்று வருகிறது. ஹோட்டல் பையனும் ஹம்பர்ட்டும் அதை விரிக்கப் படாத பாடு படுகிறார்கள். கட்டில் உதைக்கிறது, மடங்குகிறது, விழுகிறது. தியேட்டர் சிரித்திருக்கும். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் அவள் அவர் காதில் ஏதோ கிசுகிசுக்கிறாள், திரை இருள்கிறது. லீஜன் ஆட்கள் இந்தக் கிசுகிசுப்பு நீளம் என்றார்கள், அதுவும் சுருக்கப்பட்டது. யோசித்தால் வேடிக்கை. நீளத்தைத்தான் கேட்டார்கள். ‘அவள்தான் ஆரம்பித்தாள்’ என்று காட்சி சொல்கிறதே, அது யாருக்கும் உறுத்தவில்லை. நாவலில் அது குற்றவாளியின் வாக்குமூலம், நம்புவதும் நம்பாததும் நம் பாடு. படத்தில் கேமராவே சாட்சி சொல்லிவிட்டது.

இரண்டாவது விலை க்விடில்... மன்னிக்கவும், க்வில்டி. இந்தப் பேர் எனக்கு எப்போதும் தடுமாறும். நாவலின் கடைசியில் வருகிற கொலையை குப்ரிக் படத்தின் முதல் காட்சியாக வைத்துவிட்டார். பனிமூட்டச் சாலை, குப்பைக்கூளமான மாளிகை, துணிப் போர்வைக்குள்ளிருந்து பீட்டர் செல்லர்ஸ் வெளியே வருகிறார். பிங்பாங் ஆடுகிறார்கள். செல்லர்ஸ் ஒரு ஓவியத்துக்குப் பின்னால் ஊர்ந்து ஒளிய, துப்பாக்கிக் குண்டு ஓவியத்தில் இருக்கும் பெண் முகத்தைத் துளைக்கிறது. சினிமாவாக அபாரம். நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் விளைவு என்ன? இரண்டரை மணி நேரமும் ‘இவன் அவனை ஏன் சுட்டான்?’ என்று கேட்டுக்கொண்டே படம் பார்க்கிறோம். சுடப்பட்டவன் வில்லன். அப்படியானால் சுட்டவன்? ஹீரோவைவிட மோசமான ஒருத்தனைக் கொண்டுவந்து ஹீரோவை நல்லவனாக்குவது நம் கோடம்பாக்கத்தில் காலம் காலமாக நடப்பதுதான். செல்லர்ஸ் போலீஸ்காரராக, ஸ்கூல் மனோதத்துவ டாக்டராக எல்லாம் வேஷம் மாற்றி வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் வருகிற நேரமெல்லாம் அந்தப் பெண்ணின் கணக்கிலிருந்து எடுத்த நேரம்.

அழுகை? ஒன்று உண்டு. அம்மா செத்தது தெரிந்ததும் மோட்டலில் தேம்பித் தேம்பி அழுகிறாள். தாயை இழந்த எந்தப் பெண்ணும் அழுகிற அழுகை. ராத்திரி தோறும் கேட்ட அந்த அழுகை, ஹம்பர்ட்டின் கணக்கைக் காட்டிக்கொடுக்கிற அழுகை, காணோம். அதை எந்தச் சென்சாரும் வெட்டச் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. இருட்டு அறை, தூங்குவது போல் நடிக்கிற ஒரு ஆள், விசும்பல் சத்தம். இதில் ஆபாசம் எங்கே? காட்டியிருக்கலாம். வெட்ட ஒன்றுமே இல்லாத காட்சி அது. ஆனால் வயசை ஏற்றிய பிறகு அந்தக் காட்சிக்குப் படத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது. கத்திரிக்கோல் படாமலே விழுந்த கட் இது. பயப்பட வேண்டியதும் இந்த மாதிரி கட்களுக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

படம் முடியும்போது ஒரு எழுத்து வருகிறது. க்வில்டி கொலை வழக்கு விசாரணைக்காகக் காத்திருந்தபோது ஹம்பர்ட் சிறையில் மாரடைப்பால் இறந்தார் என்று. நாவலின் முன்னுரையில் இன்னொரு மரணமும் இருக்கிறது. கல்யாணமாகி, பதினேழு வயசில் பிரசவத்தில் டோலோரஸும் செத்துப்போகிறாள். அவள் புருஷன் பேரைப் போட்டு, திருமதி இன்னார் என்று ஒற்றை வரியில். யார் என்றே முதல் வாசிப்பில் தெரியாது. படத்தின் கடைசி எழுத்தில் அவள் இல்லவே இல்லை.

குப்ரிக்கே பிறகு வருத்தப்பட்டார். கட்டுப்பாடுகள் இவ்வளவு கடுமையாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் அநேகமாக இந்தப் படத்தையே எடுத்திருக்க மாட்டேன் என்றார். ஆனால் அவர் குறைப்பட்டது, உறவின் காமப் பக்கத்துக்குப் போதிய அழுத்தம் கொடுக்க முடியவில்லையே என்று. பெரிய மேதைதான், இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. அழுத்தம் போதாமல் போனது வேறு இடத்தில்.

அவர் கேட்ட சுதந்திரம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 1997-ல் ஏட்ரியன் லைன் மறுபடி எடுத்தார். ஜெரமி அயன்ஸ், டொமினிக் ஸ்வெயின். பழைய கோட் செத்து முப்பது வருஷம். கதையில் நாவலை ரொம்ப நெருங்கிப் போன படம். ஆனால் பெண்ணை முதலில் காட்டும்போதே தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கிறது, உடை நனைந்து ஒட்டுகிறது, இளம் வெயில், மென்மையான இசை. ஹம்பர்ட் எப்படிப் பார்த்தானோ அப்படியே கேமராவும் பார்க்கிறது. பொய் சொல்கிறவனின் கண்ணை வாங்கி லென்ஸில் மாட்டிவிட்டார்கள். இந்தப் படத்துக்கும் இடைஞ்சல் வந்தது. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டுவதற்கு எதிராக 1996-ல் அமெரிக்காவில் வந்த சட்டத்துக்குப் பயந்து எடிட்டிங் ரூமில் வக்கீலை உட்காரவைத்து வெட்டினார்கள். விநியோகஸ்தர்கள் தயங்க, அமெரிக்காவில் 1998-ல் ஷோடைம் டி.வி.யில்தான் முதலில் வந்தது.

குப்ரிக் படத்தில் அந்த நனைந்த உடை இல்லை. எடுக்க முடியாது, எடுத்தால் முத்திரை கிடைக்காது. டைட்டிலில் ஒரு ஆண் கை சின்னப் பாதத்தின் விரல்களுக்கு நகப்பூச்சு போடுகிறது. படத்திலேயே அதிகபட்சம் அதுதான். யாருடைய பிடி யார் மேல் என்பதை அந்த ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறது. தணிக்கைக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றை மறுபடி பார் என்றால் 1962-ஐத்தான் பார்ப்பேன். முக்கியமாகக் கடைசிச் சந்திப்புக்காக. கண்ணாடி போட்டுக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு, கடன்பட்ட குடித்தனத்தில் நிற்கிறாள் ஸூ லயன். அவளுக்கு வேண்டியது பணம். ஹம்பர்ட் அழுகிறார். அவள் ஒரு சொந்தக்காரரை வழியனுப்புகிற மாதிரி வழியனுப்புகிறாள். அந்த ஐந்து நிமிஷம் லோலிதா இல்லை, டோலோரஸ் இருக்கிறாள்.

படம் அமெரிக்காவில் பதினெட்டு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வெளியானது. அப்போது ஸூ லயனுக்குப் பதினைந்து. தான் நடித்த படத்தைப் பார்க்கக் கூடாத வயசு. அதில் நடிக்கக் கூடிய வயசு! படத்தின் வயசை அத்தனை கவனமாகத் திருத்தியவர்கள் யாரும் இந்த வயசைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பின்னாளில், தன் வாழ்க்கை நொறுங்கத் தொடங்கியது அந்தப் படத்திலிருந்துதான் என்ற பொருளில் அவரே சொன்னார். 2019-ல் இறந்தபோது வந்த அஞ்சலிச் செய்திகளின் தலைப்பில்கூட அவர் பேரோடு லோலிதாவும் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

நபகோவ் 1958-ல் தன் அமெரிக்கப் பதிப்பாளரிடம் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். அட்டையில் என்ன வேண்டுமானாலும் போடுங்கள், பெண் படம் கூடாது. அந்தப் பதிப்பில் வெறும் எழுத்துதான் இருந்தது. சினிமா வந்தது, எல்லாம் போச்சு.

போன மாதம் இந்தக் கட்டுரைக்காகப் புத்தகத்தைத் தேடி எடுத்து மேஜையில் வைத்திருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகள் வந்து அட்டையைப் பார்த்தாள். ‘யாருப்பா இந்த அக்கா?’

சட்டென்று பதில் வரவில்லை. ‘உன் வயசுப் பொண்ணும்மா’ என்றேன். ‘பொய்!’ என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அவள் ஸ்கூல் நோட்டுகளுக்குப் போட்டது போக மிச்சம் பிரவுன் ஷீட் இருந்தது. எடுத்து அட்டை போட்டேன்.